நாய் க்ரூமிங் கடைக்கு புக்கிங் சாஃப்ட்வேர்: டர்பன்ல ரெண்டரை வருஷம் ஓட்டின அனுபவம்

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கத்து வெருலம்ல வீட்டோட புதுசா க்ரூமிங், அதாவது நாயைக் குளிப்பாட்டி முடி வெட்டி விடுற வேலை, ஆரம்பிச்சிருக்குற தங்கச்சி ஒருத்தி போன வாரம் போன் பண்ணினா. அக்கா நீங்க எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லதான் வெச்சிருக்கீங்களாமே, எனக்கும் அந்த மாதிரி சாஃப்ட்வேர் ஒண்ணு வாங்கலாமா, மாசாமாசம் கட்டுற காசுக்கு தேறுமான்னு கேட்டா. போன்ல பத்து நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல இது, அதுவும் நான் ஈர நாயை டேபிள்ல வெச்சுக்கிட்டு ஒரு கையில ட்ரையரோட நின்னுட்டு இருந்தேன். அதான் ஞாயித்துக்கிழமை உக்காந்து முழுசா எழுதுறேன், அவளுக்கு மட்டும் இல்லாம இதே வேலையில இருக்குற மத்தவங்களுக்கும் ஆகும்.

எங்க கடை டர்பன்ல சாட்ஸ்வொர்த்ங்கிற பகுதியில, வீட்டு கராஜை இடிச்சு மாத்தினது. ரெண்டு டேபிள், ஒரு தொட்டி, ஒரு பெரிய ட்ரையர், நானும் கூட வேலை பார்க்குற ஜூலு இனத்துப் பொண்ணு ஒருத்தியும், சனிக்கிழமை மட்டும் என் வீட்டுக்காரர் வாசல்ல நின்னு நாயை வாங்கி வைப்பார். நான் கரூர்ல இருந்து வந்தவ, பைன்டவுன்ல ஒரு கடையில நாலு வருஷம் குளிப்பாட்டுற வேலை பார்த்துத்தான் இந்தத் தொழிலைக் கத்துக்கிட்டேன். வர்றதுல பாதிக்கு மேல மால்டீஸ், யார்க்கி, ஷிட்சு, பூடுல்தான். மிச்சம் ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி, எந்த ஜாதின்னே சொல்ல முடியாத நம்ம தெரு நாய்ங்க, செவ்வாய்க்கிழமை காலையில மட்டும் பூனை.

சாஃப்ட்வேர் பேரை நான் இங்க போடல. நான் சொல்லப்போற குறையில பாதி எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் வரும், இந்த ஊருக்குன்னு செஞ்சது இல்லாததால வர்ற குறை அதெல்லாம். நான் வாங்கினது அமெரிக்காவுல செஞ்சது, க்ரூமிங் கடைக்குன்னே செஞ்சது, சலூனுக்கு செஞ்சதை நாய்க்கு மாத்தினது இல்ல. அது ஏன் முக்கியம்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல நோட்டுக் காலம். நீள சைஸ் நோட்டு, வருஷத்துக்கு ஒண்ணு, இடது பக்கம் தேதியும் நேரமும், வலது பக்கம் நாய் பேரும் குறிப்பும். குறிப்பை நான் தமிழ்லதான் எழுதுவேன், கை வேகமா ஓடுறது அதுலதான். 2022 கடைசியில, தீபாவளி தாண்டி கிறிஸ்துமஸ் கூட்டம் ஆரம்பிச்ச சமயம், பழைய கஸ்டமர் ஒரு ஆயா அவங்களோட மால்டீஸை விட்டுட்டுப் போனாங்க. பதிமூணு வயசு நாய், இடது காது மடலுக்குக் கீழ மிளகு சைஸ்ல ஒரு மரு, முடிக்குள்ள மறைஞ்சு இருக்கும். அது எனக்குத் தெரியும், எழுதியும் வெச்சிருந்தேன், "இடது காதுக்கு கீழ மரு, விரல் வெச்சு வெட்டணும்"னு. ஆனா எழுதினது போன வருஷ நோட்டுல, அதுவும் தமிழ்ல. அன்னிக்கு அந்த நாயை எடுத்தது கூட இருக்குற பொண்ணு. க்ளிப்பர், அதான் முடி வெட்டுற மெஷின், மரு மேலயே போயிடுச்சு. வெள்ளை முடியில ரத்தம் எப்படித் தெரியும்னு இந்தத் தொழில்ல இருக்குறவங்களுக்குச் சொல்ல வேண்டாம். வெட், அதாவது மிருக டாக்டர் கிட்ட ஓடி, காசு நாங்க கட்டி, ஆயா கிட்ட போய் நின்னப்ப அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பரவாயில்ல பாப்பா, நாய்க்கு ஒண்ணும் ஆகலியேன்னு சொன்னாங்க. அவங்க திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, அவ கண்ணுக்கு எட்டாத இடத்துல எழுதி வெச்சது நான்.

அதனாலதான் வாங்கினேன், காலண்டருக்காக இல்ல. இதைத்தான் அந்தத் தங்கச்சிக்கு முதல்ல சொல்லணும். விளம்பரம் எல்லாத்துலயும் கலர் கலரா காலண்டரைத்தான் காமிப்பாங்க, ஆன்லைன் புக்கிங், ஒரே தட்டுல ரிமைண்டர்னு. காலண்டர் போன்ல சும்மாவே கிடைக்கும். காசு கொடுக்குறது அந்த நாயோட கார்டுக்கு.

கார்டு எப்படின்னா, மேல வீட்டுக்காரங்க பேரு, போன், அட்ரஸ், அதுக்குக் கீழ அந்த வீட்டுல இருக்குற ஒவ்வொரு நாய் பூனைக்கும் தனித்தனி பக்கம். சலூன் சாஃப்ட்வேர்ல இது இருக்காது, அதுல ஆள்தான் கஸ்டமர், நாயை நோட்ஸ்ல எழுதணும், மூணு நாய் இருந்தா மூணும் ஒரே பெட்டியில குழம்பிக் கிடக்கும். இங்க ஒருத்தரும் தன் பேரைச் சொல்லி போன் பண்றதில்ல, கோக்கோவோட அம்மா பேசுறேன்னுதான் ஆரம்பிப்பாங்க. என்கிட்ட ஏழு கோக்கோ இருக்கு, சிம்பா அஞ்சு, பெல்லா எத்தனைன்னு எண்ணல. நாய் பேரை அடிச்சா போட்டோவோட ஏழும் வரிசையா வரும், ஷால்க்ராஸ் கோக்கோ, க்வீன்ஸ்பர்க் கோக்கோன்னு அட்ரஸை வெச்சுப் பிடிச்சிடலாம். போன் நம்பரோட கடைசி நாலு எண்ணை அடிச்சாலும் வரும்.

அப்புறம் எச்சரிக்கை. மரு, வலிப்பு, இதய மாத்திரை, கடிக்கும், நகம் வெட்டும்போது மட்டும் கடிக்கும், ட்ரையர் சத்தத்துக்கு நடுங்கும், இந்த மாதிரி விஷயத்தை சும்மா குறிப்புல எழுதாம எச்சரிக்கைன்னு போட்டு வெச்சா, அந்த நாயோட புக்கிங்கைத் திறந்ததும் சிவப்புல முன்னாடி வந்து நிக்கும், பார்த்தேன்னு தட்டினாத்தான் அடுத்த ஸ்க்ரீன் போகும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் காசு கட்டுறேன். ஆனா ஒரு தப்பும் செஞ்சேன், ஆரம்பத்துல எல்லாத்தையும் எச்சரிக்கையாப் போட்டுட்டேன், "பிஸ்கெட் பிடிக்கும்"கூட. ஒரு மாசத்துல ரெண்டு பேரும் படிக்காமலே தட்ட ஆரம்பிச்சுட்டோம். இப்ப ரத்தம், உயிர், கடி, இந்த மூணு சம்பந்தப்பட்டது மட்டும்தான் சிவப்பு. பிஸ்கெட் கீழ குறிப்புல.

வெட்டின விவரம் எழுதுறதுக்கு தனி இடம் இருக்கு, தேதி வாரியா. கஸ்டமர் வந்து "போன தடவை மாதிரியே"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, போன தடவைன்னா ரெண்டு மாசம் முன்னாடி, நடுவுல முந்நூறு நாய் வந்து போயிருக்கும். இப்ப கார்டைத் திறந்தா உடம்பு 7 எஃப், கால் கத்தரி, முகம் உருண்டை, வால் தொடாதேன்னு இருக்கும். 7 எஃப் ப்ளேடுன்னா தோல்ல 3.2 மில்லிமீட்டர் முடி நிக்கும், 4 எஃப்-ன்னா 9.5, நம்பர் கூடக் கூட முடி குட்டையாகும். இதைத் தலைகீழா நினைச்சுக்கிட்டு ப்ளேடு மாத்தினா நாய் மொட்டையா வீட்டுக்குப் போகும், மூணு மாசத்துக்கு அந்த வீட்டுக்காரங்க முகத்தைப் பார்க்க முடியாது. நம்பரோட முன்னாடி பின்னாடி போட்டோவும் சேர்த்து வெச்சா சண்டையே வராது. சிக்கு விழுந்து வர்ற நாய்க்கும் அப்படித்தான். தோலோட ஒட்டிப் போன சிக்கை சீப்பால இழுக்கிறது நாய்க்கு சித்திரவதை, மழிச்சுத்தான் ஆகணும். வந்ததும் போட்டோ எடுத்து, மழிக்க சம்மதம்னு டேப்லெட்லயே கையெழுத்து வாங்கிடுறோம், அது கார்டுல போய் உக்காந்துக்கும்.

ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட் வெச்சிருக்குறவங்க இங்கத்து டிசம்பர் கோடை வெக்கையில வந்து முழுசா மழிச்சுடுங்கன்னு கேப்பாங்க. அந்த ரெட்டை அடுக்கு முடிதான் வெயில்ல இருந்து தோலைக் காப்பாத்துறது, மழிச்சா ஒழுங்கா வளராமகூடப் போகலாம். கேட்டாங்க, இன்ன தேதியில விளக்கிச் சொன்னோம், உதிர் முடி மட்டும் எடுத்தோம்னு கார்டுல எழுதி வெச்சிடுவேன். அடுத்த வருஷம் அதே கேள்வியோட அவங்க வீட்டுல இன்னொருத்தர் வந்தா பதில் ரெடியா இருக்கும்.

உண்ணி விஷயத்துல கார்டு இன்னொரு வகையில கை கொடுத்துச்சு. நாய்க்குப் போடுற சில உண்ணி மருந்துல பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு விஷம், மருந்து போட்ட நாயை நக்கினாலே போதும். கஸ்டமர் நாயை மட்டும்தான் கூட்டிட்டு வருவார், வீட்டுல பூனை இருக்குன்னு சொல்ல மாட்டார். ஒரே குடும்பக் கார்டுல பூனையும் இருந்தா உடனே தெரிஞ்சிடும், அதனால புது கார்டு போடும்போதே வீட்டுல வேற என்ன இருக்குன்னு கேட்டு, எங்ககிட்ட வராத பூனையையும் ஏத்திடுறோம். இங்க உண்ணி கடிச்சு வர்ற பிலியரிங்கிற நோயும் லேசானது இல்ல, சோர்ந்து கிடக்குறதை ஒரு நாள் கவனிக்காம விட்டாக்கூட நாய் செத்துப் போயிடலாம். டேபிள்ல உண்ணி நிறைய கிடைச்சாலோ ஈறு வெளுத்துப் போய் இருந்தாலோ எழுதி, போட்டோ எடுத்து, அன்னிக்கே வீட்டுக்காரங்களுக்கு அனுப்பிடுவோம், வெட் பேரும் நம்பரும் அதே கார்டுலயே இருக்கும்.

ரேபிஸ் தேதிக்கும் இடம் இருக்கு. குவாசுலு-நடால்ல இருந்துக்கிட்டு இதைக் கவனிக்காம க்ரூமிங் பண்ணக் கூடாது, இந்த மாகாணத்துல ரேபிஸ் இன்னும் போகல, கடி வாங்குற தொழில் நம்மளுது. நாய் பூனைக்கு ஊசி போடுறது இந்த நாட்டுல சட்டப்படி கட்டாயம், மூணு மாசத்துல முதல் ஊசி, அதுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள அடுத்தது, அப்புறம் மூணு வருஷத்துக்கு ஒருக்கா. தேதி தாண்டின நாயை புக் பண்ணப் போனா சாஃப்ட்வேர் மஞ்சள்ல காமிக்கும். இங்கதான் பெரிய வம்பு ஒண்ணு வந்துச்சு. அமெரிக்கக்காரங்க மாசத்தை முன்னாடி எழுதுவாங்க, நாம தேதியை முன்னாடி எழுதுவோம். நான் எக்செல்ல வெச்சிருந்த லிஸ்ட்டை அப்படியே ஏத்தினப்ப 5 நவம்பர்னு இருந்தது மே 11 ஆயிடுச்சு, தேதி 12-க்கு மேல இருந்ததெல்லாம் காலியா வந்துச்சு. காலியா இருந்தது கண்ணுல பட்டுச்சு, மாறிப் போனது படல. ஊசி போட்ட நாய்க்கு போடலன்னும், போடாததுக்கு போட்டாச்சுன்னும் ரெண்டு வாரம் காமிச்சுட்டு இருந்திருக்கு. ஏத்துறதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல தேதி வடிவத்தை மாத்துங்க, எக்செல்ல மாசத்தை நவ, மே-ன்னு எழுத்துலயே போட்டுடுங்க, குழப்பமே வராது.

எக்செல் இன்னொண்ணும் பண்ணும். இங்க போன் நம்பர் எல்லாம் 0-ல ஆரம்பிக்கும், 083, 072-ன்னு. எக்செல் அதை எண்ணுன்னு நினைச்சு முன்னாடி இருக்குற 0-வை முழுங்கிடும். சாஃப்ட்வேர் அந்த 83-ஐப் பார்த்துட்டு இது அமெரிக்க நம்பர் போலன்னு எடுத்துக்கிச்சு. முதல் வாரம் ஒரு ரிமைண்டர்கூட யாருக்கும் போகல, நான் போயிட்டிருக்குன்னு நம்பிட்டு இருந்தேன். நானூறு சொச்சம் நம்பர், எல்லாத்துக்கும் முன்னாடி இந்த நாட்டு கோடு +27 சேர்த்து, அந்த நம்பர் வரிசையை முழுசா டெக்ஸ்ட்டுன்னு மாத்தி மறுபடி ஏத்தினேன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வீட்டுக்காரரும் கூட உக்காந்தார்.

இப்ப புக்கிங் பக்கம். இதுல என் பெரிய அடி 2023 ஏப்ரல்ல. கணக்கு தொடங்கும்போது டைம் ஜோன் கேட்டுச்சு, லிஸ்ட்டுல +2-ன்னு தேடினேன், முதல்ல கெய்ரோ இருந்துச்சு, நம்ம நேரமும் அதே +2 தானேன்னு போட்டுட்டேன். எகிப்துல ரொம்ப வருஷமா கடிகாரத்தை மாத்தாம இருந்தவங்க அந்த வருஷம் மறுபடி கோடை நேரத்தைக் கொண்டு வந்தாங்க, ஏப்ரல் 28 வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளினாங்க. எகிப்து அரசாங்கம் எடுத்த முடிவு சாட்ஸ்வொர்த்ல என் கடையைப் பாதிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? 27-ம் தேதி சுதந்திர நாள் லீவு, திங்கக்கிழமை தொழிலாளர் நாள், நடுவுல இருந்த வெள்ளி சனி ரெண்டும் கழுத்து வரைக்கும் புக்கிங். ஏற்கனவே போட்டு வெச்சதெல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப் போய், 9 மணிக்காரங்களுக்கு 10-ன்னு ரிமைண்டர் போய், போன்ல சொன்ன நேரத்தை நம்பினவங்க 9-க்கும் மெசேஜை நம்பினவங்க 10-க்கும் வந்து, கராஜ் வாசல்ல ஆறு நாய் ஒரே சமயத்துல. டைம் ஜோன்ல ஜோகன்னஸ்பர்க்னு நம்ம நாட்டு ஊரையே தேடிப் போடுங்க, சில லிஸ்ட்டுல ஹராரே, பிரிட்டோரியான்னு இருக்கும். +2 பார்த்து போடாதீங்க.

நேர அளவு அடுத்தது. சாஃப்ட்வேரே ஜாதி வாரியா ஒரு நேரம் வெச்சிருக்கும், மால்டீஸ் இவ்வளவு, பூடுல் இவ்வளவுன்னு, அது ரெண்டு மூணு ஆள் மாறி மாறி வேலை பார்க்குற கடையோட கணக்கு. எங்க வேகத்துக்கு மால்டீஸ் முழு வேலை ஒன்றரை மணி நேரம், கோல்டன்டூடுல் மாதிரி பெருசுக்கு மூணு. நல்ல விஷயம் என்னன்னா ஒவ்வொரு நாய்க்கும் தனியா மாத்தி வைக்கலாம், வயசான நாய்க்கு நடுவுல ஓய்வு வேணும்னு அரை மணி கூட்டி வெச்சா அடுத்த தடவையும் அதையே எடுத்துக்கும். ஆன்லைன்ல கஸ்டமரே புக் பண்ற வசதியை மட்டும் அப்படியே திறந்து விடாதீங்க. சின்ன நாய்னு தட்டிட்டு முப்பது கிலோ டூடுலைக் கூட்டிட்டு வந்தார் ஒருத்தர், சிக்கோட. இப்ப யார் புக் பண்ணினாலும் முதல்ல கோரிக்கையாத்தான் வரும், புது நாய்னா போட்டோ கட்டாயம், நான் பார்த்து ஓகே பண்ணினாத்தான் நேரம் உறுதி.

இந்த ஊர் நாள் கணக்கு எதுவும் அதுக்குத் தெரியாது, நாமதான் போடணும். தீபாவளியும் இங்க பட்டாசு வெடிக்கிற நவம்பர் 5 'கை ஃபாக்ஸ்' நாளும் பக்கத்துப் பக்கத்துல வரும், பட்டாசு சத்தத்துல ரெண்டு வாரம் நாய்ங்க எல்லாம் அரண்டு போய்த்தான் டேபிளுக்கு வரும், அந்த வாரத்துல பயந்த நாய்களுக்கு கூடுதல் நேரம் கொடுத்து, ரெண்டு புக்கிங்குக்கு நடுவுல இடைவெளி விடுறோம். தைப்பூசக் காவடி, ஆடி மாசக் கூழ்ப் பூசை ஞாயிறுகள், குட் ஃப்ரைடே மாரியம்மன் திருவிழா, இந்த நாள்ல நம்ம கஸ்டமர் பாதிப் பேர் கோயில்ல இருப்பாங்க, நானும் இருப்பேன். ஜனவரியிலேயே வருஷத்துக்கும் சேர்த்து பூட்டு போட்டு வெச்சிடுறேன். ஆறு வாரத்துக்கு ஒருக்கான்னு தொடர் புக்கிங் போடுற வசதி ரொம்ப நல்லா வேலை செய்யுது, பூட்டின நாள்ல விழுந்தா சொல்லிடும்.

லோட் ஷெடிங், அதாவது அட்டவணை போட்டு கரண்டை நிறுத்துறது, அதைப் பத்தி சொல்லாம விட முடியாது. 2023-ல அதுதான் எங்க காலண்டரை ஆட்டி வெச்சுது. ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லன்னா ட்ரையர் இல்ல, ஈர நாயைத் துண்டால மட்டும் காய வெச்சு வெட்ட முடியாது. அந்த அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு நாளும் காலண்டர்ல கரண்ட் இல்லாத நேரத்தைக் கையால அடைச்சோம், எவ்வளவு கட்டுன்னு சொல்ற ஸ்டேஜ் மாறினா மறுபடி முதல்ல இருந்து. அடைச்ச இடத்துல இருக்குற புக்கிங்கை இழுத்து வேற நேரத்துல விட்டா கஸ்டமருக்குத் தானா மெசேஜ் போகும், அது இல்லாம அந்த வருஷத்தை ஓட்டியிருக்க முடியாது. ஆனா கரண்ட் போகும்போது வைஃபை போகும், நேரம் ஆக ஆக டவர் பேட்டரியும் தீர்ந்து டேட்டாவும் போகும், நெட் இல்லன்னா இந்த சாஃப்ட்வேர்ல ஒரு கார்டுகூடத் திறக்காது. 2024 மார்ச் கடைசிக்கு அப்புறம் கரண்ட் நிலைமை எவ்வளவோ தேவலாம், இருந்தாலும் நாளைக்கு வர்ற நாய்களோட லிஸ்ட்டை எச்சரிக்கையோட சேர்த்து தினம் சாயங்காலம் பேப்பர்ல ப்ரிண்ட் எடுத்து டேபிள் மேல மாட்டுற பழக்கத்தை நான் விடல.

எஸ்எம்எஸ்ஸுக்கு ஆகுற காசைக் கவனிச்சுப் பாருங்க. மாசத்துக்கு இவ்வளவு எஸ்எம்எஸ் இலவசம்னு சொன்னாங்க, பத்து நாள்ல தீர்ந்துடுச்சு. உக்காந்து பார்த்தா, அவங்க கொடுத்த ரிமைண்டர் மெசேஜ் கடைசியில ஒரு பாதம் படம் இருந்துச்சு. சாதாரண இங்கிலீஷ் எழுத்துன்னா ஒரு எஸ்எம்எஸ்ல 160 எழுத்து போகும், ஒரே ஒரு எமோஜி சேர்ந்தாலும் முழு மெசேஜும் வேற முறைக்கு மாறி 70 எழுத்துதான் ஒண்ணுக்கு. நூத்தம்பது எழுத்து மெசேஜ் மூணு எஸ்எம்எஸ்ஸா போயிட்டு இருந்திருக்கு, அந்த ஒரு பாதத்துக்காக. அதை எடுத்ததும் சரியாச்சு. தமிழ் எழுத்துக்கும் அதே 70 கணக்குதான். சித்திரை ஒண்ணுக்கு நம்ம ஆளுங்க கொஞ்சம் பேருக்குத் தமிழ்ல வாழ்த்து அனுப்பினேன், அந்தச் செலவை நான் தெரிஞ்சேதான் பண்ணினேன். அஞ்சாறு தலைமுறைக்கு முன்னாடி கப்பல்ல வந்த குடும்பங்க, நிறைய பேருக்கு வாசிக்கத் தெரியாது, ஆனா ஒரு தாத்தா அந்த மெசேஜை கோயிலுக்கு எடுத்துட்டுப் போய் ஐயர் கிட்ட படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வந்து எனக்கு போன் பண்ணினார்.

இங்க எல்லாரும் வாட்ஸ்அப்தான், எஸ்எம்எஸ்ஸை பேங்க் மெசேஜ்னு நினைச்சு திறக்கவே மாட்டாங்க. என் ப்ளான்ல வாட்ஸ்அப் இணைப்பு இல்ல, அதனால முதல் நாள் ரிமைண்டரை வாட்ஸ்அப் பிசினஸ்ல கையால அனுப்புறேன், ரெடி பண்ணி வெச்ச பதிலைத் தட்டினா போதும், பத்து பேருக்கு அஞ்சு நிமிஷம். காசு வாங்குற வசதியும் இந்த நாட்டுல வேலை செய்யல. கார்டு மெஷின் தனியா வெச்சிருக்கேன், ரெண்டு தடவை சொல்லாம வராமப் போனவங்க கிட்ட முன்பணம் பே-ஷாப்ல வாங்கிக்கிறேன், 2023 மார்ச்ல வந்தது அது, போன் நம்பரை வெச்சே பேங்குக்குப் பேங்க் உடனே வந்துடும். வந்ததும் புக்கிங்ல நான்தான் டிக் போடணும், அது ஒரு கூடுதல் வேலைதான்.

கஸ்டமரோட சொந்த விவரத்தைப் பாதுகாக்கச் சொல்ற போப்பியா சட்டம் சின்னக் கடைக்கும் உண்டு, 2021 ஜூலை 1-ல இருந்து முழுசா அமல்ல இருக்கு. நம்ம கார்டுல என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க, வீட்டு அட்ரஸ், வீட்டுல ஆள் இல்லாத நேரம், நாயைக் கூட்டிட்டு வரப் போகும்போது வேணும்னு எழுதி வெச்ச கேட் கோடு, அதான் வாசல் கேட்டைத் திறக்குற நம்பர். இந்த ஊர்ல அது வெளிய போனா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. கேட் கோடு எழுதுறதையே நிறுத்திட்டேன், போகும்போது கேட்டுக்குறேன். வேலை பார்க்குறவங்களுக்குத் தனி லாகின், அதுல நாய் விவரம் தெரியும், வீட்டு அட்ரஸ் தெரியாது. வேலையை விட்டுப் போனா அன்னிக்கே லாகினை மூடணும். தள்ளுபடி மெசேஜ் அனுப்பினா வேணாம்னு சொல்றதுக்கு அதுலயே வழி இருக்கணும்.

ஒரு விஷயம் மனசுல இருந்து போகல. முன்னாடி சொன்ன அந்த மால்டீஸ் போன வருஷம் வயசாகி செத்துப் போச்சு. ஆயா போன் பண்ணிச் சொன்னாங்க, நானும் அழுதேன், ஆனா கார்டுல எதுவும் மாத்தல. ஆறு வாரம் கழிச்சு சாஃப்ட்வேர் தானா அவங்களுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கு, உங்க செல்லத்துக்கு குளிக்கிற நேரம் வந்தாச்சுன்னு. எனக்கு அடுத்த நாள்தான் தெரிஞ்சுது, நேர்ல போய் மன்னிப்புக் கேட்டேன். இறந்துடுச்சுன்னு குறிக்கிற பட்டன் அதே கார்டுல இருக்கு, மூணு தட்டு உள்ள போனா. அதைத் தட்டினா எல்லா மெசேஜும் நிக்கும், கார்டு அழியாது. அன்னிக்கு ஆயா கேட்டாங்க, என் பிள்ளையோட போட்டோ உன்கிட்ட எத்தனை இருக்குன்னு. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, இருபது கிட்ட இருந்துச்சு. எல்லாத்தையும் கடையில ப்ரிண்ட் போட்டு ஒரு சின்ன ஆல்பத்துல வெச்சுக் கொடுத்தேன். இப்ப யாராவது அந்தச் செய்தியோட போன் பண்ணினா, போனை வைக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பட்டனைத் தட்டிடுறேன்.

காசு: மாசம் 49 டாலர், ஒரு டாலர் 18 ரேண்ட்னு (இந்த நாட்டுக் காசு) வெச்சா கிட்டத்தட்ட 900 ரேண்ட். எங்க கடையில மூணு மால்டீஸோட கூலி. வாரத்துக்கு நாப்பது நாய்க்கு மேல வர்ற எனக்கு அது தேறும். ரேண்ட் விழுந்தா விலை ஏறும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. வருஷத்துக்கு மொத்தமா கட்டினா குறையும்தான், ஆனா நான் மாசாமாசம்தான் கட்டுறேன், ஏன்னா வெளிய போற வழி சரியில்ல. விவரத்தையெல்லாம் சி.எஸ்.வி ஃபைலா எடுக்கலாம், பேரு, நம்பர், குறிப்பு வரும், போட்டோவும் கையெழுத்து போட்ட பேப்பரும் வராது. மாசக் கடைசியில ஃபைலை எடுத்து வெச்சுக்கிறேன், முக்கியமான போட்டோவைத் தனியா சேமிக்கிறேன். உதவிக்கு எழுதினா நல்லாத்தான் பதில் சொல்றாங்க, ஆனா அவங்களுக்கு விடியும்போது நமக்கு மத்தியானம் தாண்டிடும்.

குறிப்பை இப்ப இங்கிலீஷ்லதான் எழுதுறேன், சின்னச் சின்ன வார்த்தையில, கூட இருக்குற பொண்ணு படிக்கணும்னு. தமிழ்ல அடிச்சாலும் சேமிக்கும், தேடினா கிடைக்கும், லேபிள் ப்ரிண்டர்லதான் கட்டம் கட்டமா வரும்.

தங்கச்சி, உனக்கு வாரத்துக்கு பத்து நாய்தான் வருதுன்னு சொன்ன, அதுக்கு இப்போதைக்கு காசு கட்டாத. கூகுள் ஷீட்ல நாய்க்கு ஒரு வரி, எச்சரிக்கைக்கு முதல் கட்டம், சிவப்புல, தேதியில மாசம் எழுத்துல, நம்பர் +27-ல. இருபதைத் தாண்டினதும் 14 நாள் ட்ரையல் எடு, ஆனா சும்மா இருக்குற வாரத்துல எடுக்காத, தீபாவளிக்கு முந்தின வாரத்துல எடு. முதல் நாளே உன்கிட்ட இருக்குற நாய்ங்கள்லயே ரொம்ப சிக்கலான பத்தை ஏத்து, கடிக்கிறது, வலிப்பு வர்றது, ரெண்டு வீட்டுக்காரங்க மாறி மாறிக் கூட்டிட்டு வர்றது. உன் நம்பருக்கே ஒரு ரிமைண்டர் அனுப்பிப் பாரு, எந்த நேரம் போட்டிருக்கு, எத்தனை எஸ்எம்எஸ் கழிஞ்சிருக்குன்னு. ஏத்தினதை மறுபடி வெளிய எடுத்துப் பாரு, என்னென்ன விட்டுப் போகுதுன்னு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஃப்ரீதான், லேப்டாப்பை எடுத்துட்டு சாட்ஸ்வொர்த்துக்கு வா, பூனைங்க கிளம்பினதும் சேர்ந்து உக்காந்து ஏத்திடலாம்.